கோட்டுக்குள் ஒரு புள்ளி

அதை மட்டும் வாங்காதீர்கள் தம்பி. வேறு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் டேப்லட்டில் இப்போது காட்டினீர்களே, நீலத்தில் காற்றாடி போட்ட ஆப், அதைத்தான் சொல்கிறேன். இந்த வீட்டில் அதைத் தேர்ந்தெடுத்தவள் நான். அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் உட்காருங்கள். மாப்பிள்ளை வந்துவிடுவார். பொருநையைக் கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். பொருநை என் மகள். பூகோளம் படித்தவள் பெண்ணுக்கு எங்கள் ஊர் ஆற்றின் பெயரை விட்டு வேறு என்ன பெயர் வைப்பாள்? இந்த ஊர்க்காரர்கள் வாயில் அது ‘போர்னி’ ஆகிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த ஆற்றைப் பிடித்துக் குழாயில் அடைத்த மாதிரி.

நீங்கள் வருவதை அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். “அத்தை, விமானத்துல என் பங்கை வாங்க இன்பசேகரன்னு ஒருத்தர் வருவார். நம்ம ஊர்ப் பக்கம்தான். பேப்பரெல்லாம் மேசைல வச்சிருக்கேன், பார்க்கச் சொல்லுங்க.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

நாலு பேர் சேர்ந்து வாங்கிய சின்ன விமானம். நாலே இருக்கை. முதல் தடவை பார்த்தபோது, ஆட்டோவுக்கு இறக்கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் அதைத் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். அதை இப்போது விற்கிறார். நீங்கள் வாங்குவதில் எனக்கு ஒன்றும் இல்லை, யாராவது வாங்கத்தான் வேண்டும். ஆனால் விற்க வைத்தது நான்.

டீ குடிப்பீர்கள் இல்லையா? இஞ்சி தட்டிப் போடுகிறேன். சமையல்கட்டும் கூடமும் ஒன்றாகத்தானே இருக்கிறது, பேசிக்கொண்டே போடலாம்.

போன கோடையில் நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய புதிது. இந்தச் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் டேப்லட், ஒரு பக்கம் போன். மூன்றிலும் வரைபடம். எங்கேயோ போவதற்கு வழி போட்டுக்கொண்டிருப்பார். கேட்டால், “பறக்கிறது சுலபம் அத்தை, புறப்படறதுக்கு முன்னாடிதான் வேலை” என்பார். வழி போட வேண்டும், காற்று பார்க்க வேண்டும், எந்த ஆகாயத்துக்குள் நுழையக் கூடாது என்று பார்க்க வேண்டும், விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்து கொடுக்கிறதுக்கு இத்தனை ஆப். ஒன்றைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று தெரியாமல் தவித்தார். ஜாதகம் பார்க்கிற மாதிரி தினமும் மூன்றையும் விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார்.

“எங்கம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட இவ்வளவு நாள் எடுத்துக்கல” என்பாள் பொருநை.

“அதான் இப்படி மாட்டிக்கிட்டே” என்பார் அவர்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடு தம்பி இது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “அத்தை, நீங்க பூகோளம். நீங்களே நடுவரா இருங்க” என்றார். வேடிக்கைக்குத்தான் கூப்பிட்டார். ஆனால் நான் சட்டமாக உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னிடம் எதையும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

முதலாவது இனாம். ஆனால் தந்தி பாஷை. எழுத்தும் எண்ணுமாக வரி வரியாக ஓடும், வாய்விட்டுப் படித்தால் இருமல் வந்த மாதிரி இருக்கும். இரண்டாவது எல்லோரும் வைத்திருப்பதாம். அதில் பித்தான்கள் அதிகம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும், பெரிய வீட்டில் வழி தெரியாமல் நிற்கிற மாதிரி. மூன்றாவதுதான் உங்கள் நீலக் காற்றாடி. அதில் காற்றை வரைந்திருந்தார்கள் தம்பி. கடலிலிருந்து கிளம்பி, மலை இடுக்கில் நெருங்கி, பள்ளத்தாக்கில் இறங்கியதும் கூந்தலை அவிழ்த்துவிட்ட மாதிரி விரிகிறது. நான் கரும்பலகையில் சாக்பீஸால் அம்பு அம்பாகப் போட்டு நடத்திய காற்று. அது நகர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுதான் மாப்பிள்ளை” என்று கையைக் காட்டினேன்.

“சிக்னல் இல்லாத இடத்துலயும் வேலை செய்யுமான்னு பார்க்கணும் அத்தை. வெயில்ல டேப்லட் சூடாகி அணைஞ்சிட்டா கையில ஒரு தாள் இருக்கணும், அச்சு எடுக்க வருமான்னு பார்க்கணும்” என்று ஏதேதோ சொன்னார். எல்லாம் அதில் இருந்தது. வாங்கிவிட்டார். நான்தான் கையைக் காட்டினேன்.

அதில் இன்னொரு படமும் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோணல் பெட்டி, அதற்குள் ஒரு புள்ளி. யார் எங்கே உட்கார்ந்தால், எதை எங்கே வைத்தால் விமானம் எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம். அதை எனக்கு விளக்கினார். “இந்தப் புள்ளி கோட்டுக்குள்ள இருந்தா விமானம் நம்ம பேச்சைக் கேட்கும் அத்தை. வெளிய போயிட்டா கேட்காது.”

“அதுக்கு எப்படித் தெரியும், யார் எவ்வளவு கனம்னு?”

“நாம சொல்றதை அப்படியே நம்பும். அதுக்குக் கண்ணா இருக்கு?”

எல்லாம் தலைகீழாகிப்போன அந்தப் பயணம் என் சிநேகிதி ஞானசுந்தரியைப் பார்க்கத்தான். பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவள் மகன் டாக்டர், பள்ளத்தாக்கில் பாதாம் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இருக்கிறான், அவனோடு இருக்கிறாள். காரில் அவ்வளவு தூரம் உட்கார்ந்தால் என் முழங்கால் பூட்டிக்கொள்ளும். “நான் பறந்தே கூட்டிட்டுப் போறேன் அத்தை” என்றார். பெற்ற பிள்ளை சொல்லுமா அப்படி?

அந்த ஆப் ஒவ்வொரு இருக்கையாக எடை கேட்கும், அப்புறம் பைகளையும் கேட்கும். கூச்சநாச்சம் இல்லாத ஆப். மாப்பிள்ளைக்குக் கூச்சம் உண்டு. குளியலறையிலிருந்து எடை மெஷினைக் கொண்டுவந்து போட்டு, அவர் ஏறினார், பொருநை ஏறினாள், அவர்கள் பைகளை ஏற்றினார்கள். என் முறை வந்ததும் மெஷினைக் காலால் மெதுவாகச் சுவரோரம் தள்ளிவிட்டு, “பொரு, அத்தைகிட்ட கொஞ்சம் கேளேன்” என்றார். நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன்!

“அம்மா, உன் வெயிட் என்ன?”

நான் ஓர் எண் சொன்னேன். ஊரில் டாக்டரம்மா எப்போதோ எழுதிக் கொடுத்த எண்.

“அம்மா…” என்று இழுத்தாள் பொருநை.

“அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அவர் டேப்லட்டில் தட்டிக்கொண்டார். அவர் தட்டியது நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடத்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். என் பைக்கும் அப்படித்தான். “துணிமணிதான் மாப்பிள்ளை” என்றேன். சரி அத்தை என்றார். தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு மரியாதை.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். “திரும்பி வரும்போது எதுவும் வாங்கிக்காதீங்க அத்தை. ஆசையா கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.” அவர் சுபாவம் எனக்குத் தெரியும். யாரிடமும் கையேந்த மாட்டார். கல்யாணத்தின்போதே எதுவும் வேண்டாம் என்று நின்ற பிள்ளை. இதிலும் அப்படித்தான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

போனது ஒரு சொப்பனம். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கமாட்டேன். கீழே நிலம் மடித்து வைத்த புடவை மாதிரி, கரை கரையாக. பாதாம் மரங்கள் பின்னல் போட்ட மாதிரி வரிசையாக. விமானம் அவர் சொன்னபடி கேட்டது.

ஞானசுந்தரி வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். கிளம்புகிற அன்று அவளே எங்களை அந்தச் சின்ன விமானத்தளத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டாள். கார் டிக்கியைத் திறந்தால் ஒரு கடை.

“ஏட்டி, மாப்பிள்ளை எதுவும் வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்றேன்.

“வெறும் பையோட எப்படிட்டி அனுப்புவேன்? எங்க ஆத்தா கேட்டா என்னைச் செருப்பால அடிப்பா.”

அவள் ஆத்தா செத்து எத்தனையோ காலம் ஆகிறது.

“அவருக்குக் கூச்சம்டி.”

“கூச்சப்படுத மாப்பிள்ளைக்குத்தாண்டி கொடுக்கணும். அவருக்குத் தெரிஞ்சாத்தானே?”

அவர் அந்தப் பக்கம் இறக்கையோரம் ஏணி போட்டு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். பொருநை கை கழுவப் போயிருந்தாள். அங்கே ஒரு நிழல் கிடையாது. தார் இளகுகிற வெயில். நாங்கள் இரண்டு பேரும் என் பையிலிருந்த துணிகளை ஒரு பிளாஸ்டிக் பைக்கு மாற்றினோம். பாதாம் மூட்டை பையின் அடியில். அதற்கு மேல் எலுமிச்சை ஊறுகாய் ஜாடிகள், கண்ணாடி ஜாடிகள், துண்டில் சுற்றி. ஜாடிகளுக்குப் பக்கத்தில், இதோ இந்தக் கல். இஞ்சி தட்டுகிறேனே, சத்தம் கேட்கவில்லையா? மெக்சிகோக்காரர் கடையில் வாங்கினாளாம். மூன்று கால் உரல், நம் ஊரில்கூட இப்படிக் கிடைக்காது. இரண்டு கிழவிகளும் பையின் காதை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்கினோம். “கல்யாணச் சீர் மாதிரில்லா இருக்கு” என்று அவள் சொன்னதும் சிரிப்பில் பை நழுவியது, மறுபடி தூக்கினோம். அந்தச் சிரிப்பு, அந்தக் காலத்தில் ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியாமல் சிரித்த அதே சிரிப்பு.

அவர் வந்து, “நான் வைக்கிறேன் அத்தை” என்றார்.

“வேண்டாம் மாப்பிள்ளை, உள்ளே பொம்பளைங்க துணி. நாங்க வச்சாச்சு” என்றேன். சட்டென்று விலகிக்கொண்டார். டேப்லட்டை எடுத்து எனக்குக் காட்டினார். புள்ளி கோட்டுக்குள் சமர்த்தாக இருந்தது. “உங்க ஆப்தான் அத்தை, சரின்னு சொல்லுது.”

சரி என்று சொன்னது தம்பி. அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தப் படத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

விமானம் ஓடுபாதையில் ஓடியது. போகும்போது இல்லாத மாதிரி மூக்கு சீக்கிரமே மேலே எழும்பிற்று. எழும்பியது, ஆனால் உயரவில்லை. கோழி பறக்குமே, அப்படி. ஒரு எச்சரிக்கை ஊதல் கத்த ஆரம்பித்தது. அவர் ஓட்டுகிற பிடியை இரண்டு கையாலும் முன்னால் தள்ளிக்கொண்டு, “கேளு… சொன்னா கேளு” என்று முனகினார். யாரிடம் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு சத்தம் அடங்கியது, சக்கரம் மண்ணில் மோதியது, ஓடுபாதை முடிந்து பாதாம் தோட்டத்து ஓரம் போய் நின்றோம். முன்சக்கரம் முறிந்து, விசிறி வளைந்து போயிருந்தது. பொருநை முன்னால் கையை ஊன்றியிருக்கிறாள், மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. எனக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் ஏதாவது ஆகியிருக்க வேண்டும்.

வேலியோரம் நின்ற ஞானசுந்தரி ஓடி வந்தாள். பொருநையைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கெட்டிக்காரி, “ஏட்டி, ஜாடி உடைஞ்சு எண்ணெய் கொட்டிரும்” என்று பையை இழுத்து, இரண்டு பேருமாகக் கொண்டுபோய் அவள் காரில் வைத்துவிட்டோம். ஒரு ஜாடி உடையவில்லை. கல்லில் ஒரு கீறல் இல்லை. அடுத்த மாதம் அவள் மகன் இந்தப் பக்கம் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான்.

அதிகாரிகள் அப்புறம்தான் வந்தார்கள். நல்ல மனிதர்கள். இருந்த பைகளையெல்லாம் நிறுத்துப் பார்த்தார்கள், என் துணி இருந்த பிளாஸ்டிக் பையைக்கூட. எல்லாம் மாப்பிள்ளை போட்டிருந்த கணக்குக்குக் குறைவாகவே இருந்தது. அப்படியானால் கணக்கில் பிசகு இல்லை, மூக்கைச் சீக்கிரம் தூக்கிவிட்டார், கை பிசகிவிட்டது என்று முடிவாயிற்று.

“கை இல்ல மாப்பிள்ளை, ஆப்தான். நான் காட்டின ஆப்தான்” என்று எத்தனை தடவை சொன்னேன்!

“இல்லத்தை. அது சரியாத்தான் சொல்லுச்சு. என் கைதான்” என்பார். சொல்லிவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி. இப்போது கார் ஓட்டும்போதுகூடப் பக்கத்தில் இருக்கிறவளிடம் கேட்கிறார், “பொரு, லேன் மாறலாமா?” என்று. அந்தக் கேள்வியைப் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்கிறேனே, எனக்கு அது போதும் தண்டனை.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த ஆப்காரர்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, இங்கிலீஷில் நீளமாக எழுதிப் போட்டேன். பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், எல்லா எடைகளும் சரியாகக் கொடுக்கப்பட்டனவா என்று தயவுசெய்து பாருங்கள் என்று. என்ன திமிர்! எங்கள் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறார்கள். ஊசி நூல் வரைக்கும் நிறுத்து வைக்கிறவரைப் பார்த்து!

இந்தாருங்கள் டீ. சர்க்கரை போதுமா?

என்ன தம்பி, குடிக்காமல் கீழே வைத்துவிட்டீர்கள்?

கல்லா? பார்க்க வேண்டுமா? வாருங்கள், பாருங்கள். குழவி இது, உரல் இது. தூக்குங்கள். அப்படி இல்லை, ஒரு கையால் வராது, இரண்டு கையாலும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

பை எங்கே இருந்தது என்றா கேட்டீர்கள்? பின்னால்தான். எங்கள் எல்லோருக்கும் பின்னால், வால் பக்கம். ஒரு கதவு இருக்குமே.

ஆமாம், மூட்டையும். முழு மூட்டை. ஜாடிகளும்.

இல்லை தம்பி, அவரிடம் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா? அது சாமான் இல்லையே. அது கொடுத்தது.

கொடுத்தது…

உங்கள் டேப்லட்டில் அந்த விமானத்தின் கோணல் பெட்டிப் படம் இருக்கிறதல்லவா? பங்கு வாங்கப் போகிறவர், ஏற்றி வைத்திருப்பீர்கள். போட்டுக் காட்டுங்கள். மாப்பிள்ளை, பொருநை. பிறகு நான். இருங்கள், நான் சொன்ன எண் வேண்டாம், மெஷினை எடுத்து வருகிறேன். நீங்கள் பாருங்கள், எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. கூச்சம் என்ன கூச்சம், பாருங்கள். சரி. இப்போது கல்லை வையுங்கள். மூட்டை தீர்ந்துவிட்டது, ஆனால் எடையைச் சாக்கில் அச்சடித்திருக்கிறது, அதோ அலமாரியில். ஜாடிகள் அதே ஜாடிகள்தான். எண்ணெய் முழுக்கப் போட்டிருந்தார்.

போடுங்கள்.

புள்ளி போகிறது. கோடு வரைக்கும் போகிறது.

தாண்டிவிட்டது தம்பி.

சொன்னால் கேளு, சொன்னால் கேளு என்றாரே. எப்படிக் கேட்கும்?

கராஜ் கதவு திறக்கிற சத்தம். வந்துவிட்டார்கள். இல்லை, அதை அணைக்காதீர்கள், அப்படியே மேசைமேல் இருக்கட்டும். அந்தப் பேப்பர்களில் நீங்கள் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். அந்தக் கொக்கியில் தொங்குகிறதே, நீலப் பை, அதை எடுத்துக் கொடுங்கள். அதே பைதான். கல்லை உள்ளே வையுங்கள், குழவியையும். அந்த ஜாடிகள். வைத்துவிட்டீர்களா? நகருங்கள், நான் இழுத்துக்கொண்டு போகிறேன். இல்லை, நீங்கள் தொட வேண்டாம்.

வாங்க மாப்பிள்ளை. பொரு, அப்படி உட்காரும்மா. இவர்தான் இன்பசேகரன். டீயெல்லாம் கொடுத்தாச்சு, அவர் கிடக்கட்டும். நீங்க செருப்பைக் கழட்ட வேண்டாம், அங்கேயே நில்லுங்க.

இந்தா இருக்கு என் பை. துணி இல்ல மாப்பிள்ளை.

ஒரு தடவை தூக்கிப் பாருங்க.